கசார்வாடியில் புயல் கூண்டு

1

எங்கள் அலுவலகத்தில் மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வேலை கிடையாது. ஆனால் எல்லோரும் வந்தாக வேண்டும், பழைய துணி உடுத்திக்கொண்டு.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்ப் பெண் அன்றைக்குக் காலையில் வந்து நின்று விழித்தாள். கணினிகளைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். யூ.பி.எஸ். பேட்டரியை இரண்டு பேர் பிடித்து இரும்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் ஏற்றினார்கள். நான் சுவரில் ஆணி அடித்து ‘1’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டேன்.

"என்னங் மேடம் இது, ஒண்ணு?"

"ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புனேயில கடலே இல்லீங்களே மேடம்!"

கடல் இல்லைதான். மலைக்கு இந்தப் பக்கம், கடலுக்கு எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அதே சந்தேகம் வரும். அவளிடம் தேநீர் இடைவேளையில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவள். அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. ஐப்பசி பிறந்தால் துறைமுகத்தில் என்ன எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் தெருவில் முதல் பேச்சு. ஒன்று என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்று என்றால் அம்மா குடங்களையெல்லாம் நிரப்புவாள். அதற்கு மேலே போனால் அரிசி மூட்டை பரணுக்கு ஏறும். ரேஷன் கார்டும் எங்கள் பள்ளிச் சான்றிதழ்களும் பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் பாலித்தீன் பைக்குள் போய், பை அப்பாவின் தலைமாட்டுக்குப் போகும். புயல் பாதி நாட்கள் வேறெங்கோ கரை கடக்கும். மறுநாள் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் திருப்பி வைப்போம். அதைப் பற்றி யாரும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்தேன். கல்யாணமாகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனே வந்தேன். கணவர் ரகுவுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. வானவடியில் மூன்றாவது மாடியில் வீடு. வந்த புதிதில் காய்காரி, பஸ் கண்டக்டர், பால்காரர் எல்லோரும் என்னைத் "தாயி, தாயி" என்று கூப்பிட்டார்கள். எனக்கு இருபத்தாறு வயது. இந்த ஊர்க் கண்ணுக்கு நான் அவ்வளவு கிழவியாகவா தெரிகிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதிருக்கிறேன். தாயி என்றால் மராத்தியில் அக்கா என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

அதைவிட மோசம் எண்கள். மராத்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயர். ஒன்றைத் தெரிந்துகொண்டு அடுத்ததை ஊகிக்க முடியாது. ஐம்பத்தெட்டு, ‘அட்டாவன்ன.’ எழுபத்தெட்டு, ‘அட்ட்யாஹத்தர்.’ தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொல்லி, ஒரு நல்ல இரும்புத் துண்டை வீணாக்கினேன். அதன் பிறகு எண்ணை எழுதிக் காட்டுவேன், வாயால் சொல்லமாட்டேன்.

அந்தப் பிரிவில்தான் சுனந்தாவைச் சந்தித்தேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள், இந்த ஊர்க்காரி. இரண்டு பேரும் வரைபலகையை விட்டுக் கணினிக்கு ஒன்றாக மாறினோம், ஒன்றாகவே வேலையை விட்டோம். கசார்வாடியில் ஒரு காளா எடுத்தோம். காளா என்பது ஷட்டர் போட்ட பட்டறை அறை. பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அப்படி வரிசை வரிசையாக இருக்கும். சின்னப் பட்டறைக்காரர்களிடம் மைக்கோட்டில் வரைந்த பழைய படங்கள் கிழியும் நிலையில் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றித் தருவதுதான் எங்கள் தொழில். மூன்று கணினி, பெட்டி பெட்டியாக ஃபிளாப்பி. எங்கள் ஷட்டரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் நதி. கோடையில் அதில் எருமைகள்தான் நிற்கும்.

3

இரண்டாவது வருட மழையில் நதி எங்களைத் தேடி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்கள் காலை நானும் சுனந்தாவும் ஷட்டரைத் தூக்கினோம். தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குச் சுவரில் பழுப்புக் கோடு. கணினிப் பெட்டிகள் மூன்றும் தரையில் மேசைக்கு அடியில்தான் இருந்தன. அவற்றிலிருந்து சேறு வழிந்தது. ஃபிளாப்பிகள் கீழ் இழுப்பறையில். அதற்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, பக்கத்துப் பட்டறை ஜாதவின் பதினேழு வரைபடங்கள்.

ஜாதவ் தண்ணீர் பம்புகள் செய்கிறவர். அந்தப் படங்களை வரைந்தவர் இறந்துபோயிருந்தார். வேறு நகல் கிடையாது. செல்லரிக்கிறதே, கணினியில் ஏற்றிவிட்டால் நல்லது என்று அவரிடம் பேசி வாங்கி வந்ததே நான்தான். கயிறு கட்டி உலர்த்திப் பார்த்தோம். மை முழுதும் ஒன்றோடொன்று ஓடி, பதினேழும் மேகம்போல ஆகிவிட்டன.

அவர் தன் கடைசல் இயந்திரத்திலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"சேஃபா இருக்கட்டும்னுதானே வஹினி உங்க கையில குடுத்தேன்," என்றார் இந்தியில். வஹினி என்றால் அண்ணி. அவ்வளவுதான். திரும்பிச் சேற்றை வழிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிற்பகலில் பஞ்சநாமா, அதாவது சேதக் கணக்கு, எழுத ஒரு அலுவலர் வந்தார். கணினித் திரைகளைப் பார்த்து "டி.வி. மூன்று" என்று எழுதினார். டி.வி. இல்லை என்றேன். "படம் தெரியுமா, தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். "அப்போ டி.வி.தான்." ஜாதவின் படங்களைக் காட்டினேன். "ஈரக் காகிதம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தொழிலை மூடிவிடலாம் என்றே முடிவு செய்தேன். மறுநாள் சுனந்தா கையில் வெர்னியர் காலிப்பருடன் வந்து நின்றாள்.

"படம் போனா என்ன? பம்பு இருக்குல்ல? அளந்து வரைவோம்."

மூன்று வாரம் ஜாதவின் பட்டறையில் உட்கார்ந்தோம். அவர் செய்து வைத்திருந்த பம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்டு, சக்கரம், மூடி என்று ஒவ்வொரு துண்டையும் அளந்தோம். அவள் மராத்தியில் எண் சொல்ல, நான் என் காதை நம்பாமல் காலிப்பரை எட்டிப் பார்த்து எழுதினேன். முதல் வாரம் ஜாதவ் எங்களுடன் பேசவில்லை. எட்டாம் நாள் தொழிலாளிகளுக்குத் தேநீர் வந்தபோது எங்களுக்கும் இரண்டு கிளாஸ் சேர்ந்து வந்தது. கடைசி நாளில், பழைய படத்திலேயே இருந்த ஒரு தவறை நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் அவர் சிரித்தார்.

4

அடுத்த கோடையில் நான் அம்மா ஆனேன். அதாவது, என் அம்மாவைப்போல ஆனேன்.

மின்சார மெயின் சுவிட்சைத் தலை உயரத்துக்கு மாற்றினோம். தரையில் எதுவும் இருக்கக்கூடாது என்று சுவரில் பலகை அடித்தோம். மாடியில் காலியாகக் கிடந்த அறையைக் கேட்டு வாங்கினோம். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி லாமினேட் செய்தோம். மின்சாரம் இல்லாதபோது கணினிக்குள் இருக்கும் முகவரி எதற்கு ஆகும்? எல்லாப் படங்களுக்கும் மூன்று பிரதி: ஒன்று அலுவலகத்தில், ஒன்று வானவடி வீட்டில், ஒன்று கடலூரில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் என் தம்பி செல்வத்திடம்.

"என்னாக்கா, உலகத்துல வேற ஊரே கெடைக்கலியா?" என்றான் செல்வம் தொலைபேசியில். "புயல் அடிக்கிற ஊருக்கு அனுப்பி வைக்கிற?"

"உங்களுக்கு ஐப்பசியிலதானேடா புயல். எங்களுக்கு ஆடியில மழை. ரெண்டும் சேர்ந்து வராது."

ஒவ்வொரு ஜூனிலும் பதிவுத் தபாலில் ஒரு பொட்டலம் போகும். தொடக்கத்தில் ஃபிளாப்பிகள், பிறகு சி.டி.க்கள்.

கூண்டு அட்டைகளும் அப்போது வந்தவைதான். ‘1’ என்றால் மே மாத ஒத்திகை. ‘3’ என்றால் இரண்டு நாள் விடாத மழை. தினமும் மாலையில் பிரதி எடுக்க வேண்டும். ‘5’ என்றால் நதி படித்துறையின் மேல்படியைத் தொட்டுவிட்டது. கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்ற வேண்டும்.

சுனந்தாவே முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "சமுத்திரம் மும்பையில இருக்கு. இங்க எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள். ஆனால் நாளடைவில், காலையில் உள்ளே வரும்போதே "ஆஜ் கித்னா நம்பர்?" என்று, இன்றைக்கு எத்தனை எண் என்று, அவள்தான் முதலில் கேட்பாள்.

ஒரு வருடம் ‘5’ போட்டேன். வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் ஏற்றினோம். நதி மேல்படியோடு திரும்பிப் போய்விட்டது. ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் இரண்டு நாள் தாமதமாகி, அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஜாதவ் வாசலில் நின்று, "வஹினி, உங்க மதராஸ் புயல் ரயிலை விட்டுடுச்சா?" என்று கேட்டார். எங்களிடம் வேலை பார்த்த பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் ரகுவிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். "தண்ணி வரலைன்னு வருத்தப்படற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்," என்றார் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த மே மாதம் வழக்கம்போல ஆணி அடித்தேன்.

5

இதற்கிடையில் எங்கள் மகள் நித்யா வளர்ந்தாள். அவளைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருந்தது. வீட்டில் தமிழில் தொடங்கி, நடுவில் மராத்திக்குத் தாவி, இந்தியில் முடிப்பாள். "அம்மா, கொத்திமீர் ஸம்ப்லி, வாங்கிட்டு வரவா?" என்பாள், கொத்தமல்லி தீர்ந்துவிட்டதாம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடலூர் போனால் உறவுக்காரப் பிள்ளைகள் அவளைப் பேசவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் அங்கே வாயே திறக்க மாட்டாள். செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன் மாமா, அம்மாட்ட தரேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுவாள். பள்ளி விடுமுறையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சுனந்தாவை மாவ்ஷி, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவள் வாய் ஓயாது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருக்கும், உள்ளே எங்கோ குத்தவும் செய்யும்.

அவளுக்குப் பதினான்கு வயதான வருடம் பெருமழை வந்தது.

மூன்றாம் நாள் மதியம் நான் ‘5’ அட்டையை மாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கணினிகள், பேட்டரி, பிரின்டர், நாற்காலி வரைக்கும் மாடிக்குப் போய்விட்டன. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டேன். அன்று மாலையே ஷட்டர் வழியாகத் தண்ணீர் புகுந்தது. இந்த முறை நெஞ்சளவு என்று பிறகு தெரிந்தது. எங்கள் பொருள் ஒன்றும் நனையவில்லை. ஆனால் பாலங்களை மூடிவிட்டார்கள். நான் வானவடியில், என் கணினிகள் கசார்வாடி மாடியில், நடுவில் வெள்ளம். சுனந்தா வீட்டுத் தொலைபேசி செத்துப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஜாதவ் தொலைபேசியில் கூப்பிட்டார். மேட்டுப்பகுதியில் ஒரு நண்பரின் பட்டறையிலிருந்து பேசினார். எங்களுக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் காலனிக்குக் குடிதண்ணீர் ஏற்றும் பம்பின் தண்டு முறிந்துவிட்டது. அவர் செய்து கொடுத்த பம்பு. சுற்றிலும் வெள்ளம் நிற்கிறது, குடிக்க ஒரு வாய் இல்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. பம்பு தண்ணீருக்கடியில் குழிக்குள் இருக்கிறது. வடிந்த பிறகு எடுத்து அளந்து செய்தால் இன்னும் மூன்று நாள் போய்விடும். இப்போதே தண்டைக் கடைந்து வைத்துக்கொண்டால் வடிந்த அன்றே மாட்டலாம். அவரிடமிருந்த படம் அவர் பட்டறையோடு மூழ்கிவிட்டது.

"அளவு உங்ககிட்ட இருக்குல்ல வஹினி?"

"இருக்கு. அரை மணியில கூப்பிடுங்க," என்றேன்.

அலமாரியைத் திறந்து வீட்டுப் பிரதியை எடுத்தேன். சி.டி.யின் முகத்தில் தேமல்போலத் திட்டுத் திட்டாகப் பூஞ்சை. கணினி அதை உள்ளே இழுத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. துடைத்துப் போட்டேன். மறுபடியும் துப்பியது. எத்தனை ஏற்பாடு செய்தேன்! எடுத்து வைத்த பிரதியை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

கடலூருக்கு அழைத்தேன். அங்கே நல்ல வெயிலாம். செல்வம் ஸ்டூடியோக் கணினியில் சி.டி.யைப் போட்டான். திறந்தது.

"ஏகப்பட்டது இருக்குதுக்கா. எது ஓணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கோப்புகளுக்குப் பெயர் வைப்பது சுனந்தாவின் வேலை. எட்டு எழுத்துக்குள் ஆங்கில எழுத்தில், மராத்திச் சொற்களைச் சுருக்கி அவள் மனம்போல வைத்திருந்தாள். செல்வம் வரிசையாகப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நித்யா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"மாமா, கடைசில ‘டாண்டா’னு முடியறது மட்டும் படிங்க."

"தண்டாவா? தண்டனையாம்மா?"

"தண்டனை இல்ல மாமா! டாண்டான்னா... அம்மா, டாண்டாக்கு தமிழ்ல என்ன?"

"தண்டு," என்றேன்.

"ஆங், தண்டு! கிட்டத்தட்ட சேம்தான் மாமா."

"அது இருவத்தி மூணு இருக்குதேம்மா."

"மெதுவா ஒண்ணொண்ணா படிங்க. நான் போகமாட்டேன்."

அவன் எழுத்தெழுத்தாகப் படித்தான். பதினைந்தோ பதினாறோ தாண்டியபோது, "வி, ஏ, எஸ், அப்பறம் அந்த தண்டா," என்றான்.

"வஸாஹத்!" என்று துள்ளினாள் நித்யா. "வஸாஹத்னா காலனி மாமா! சுனந்தா மாவ்ஷி அப்படித்தான் வைப்பாங்க. அதான், அதேதான்!"

பிறகு அதை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு அவன் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். மின்னஞ்சல் அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை. அந்தக் கடைத் தொலைபேசி எண்ணை வாங்கி நித்யா அங்கேயும் கூப்பிட்டாள். இணைப்பது என்ற சொல் அவளுக்கு வரவில்லை. "ஃபைலை லெட்டர்ல ஒட்டுங்க மாமா," என்றாள். "கோந்து எங்கம்மா இருக்குது?" என்றான் அவன். இருவரும் சிரித்த சிரிப்பு, முதல் தடவையாக, யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததாக இல்லை.

மதியத்துக்குமேல் மோடம் கத்திக் கத்தி, படம் திரையில் வந்தது. நாங்கள் காலிப்பர் பிடித்து அளந்த அதே தண்டு. ஜாதவ் அந்தப் பக்கம் காகிதத்துடன் காத்திருந்தார். நான் திரையைப் பார்த்துத் தமிழில் எண் சொன்னேன். நித்யா அதை மராத்தியில் அவருக்குச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிச் சரிபார்த்தாள். ஒவ்வொரு விட்டமும், ஒவ்வொரு நீளமும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை. ஓரிடத்தில் என் வாயில் ஐம்பத்தெட்டு என்று வந்தது. "அம்மா, ஸ்கிரீன்ல எழுபத்தெட்டு," என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

அன்று சாயங்காலம் ஜாதவ் தண்டைக் கடைந்து முடித்தார். வெள்ளம் வடிந்த அன்றே வாடகை ஜெனரேட்டரில் பம்பு ஓடியது. நாங்கள் கசார்வாடி போய்ச் சேர்ந்தபோது, காலனிப் பெண்கள் குழாயடியில் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை நின்று கேட்டேன். சுனந்தா முழங்கால் சேற்றில் நின்று விளக்குமாற்றை என்னிடம் நீட்டினாள். வெள்ளம் வடிந்த நான்காம் நாள் மின்சாரம் வந்தது. மாடியிலிருந்து கணினிகளை இறக்கி அன்றே வேலையைத் தொடங்கினோம். அந்த வரிசையில் முதலில் திறந்த ஷட்டர் எங்களுடையது.

ஜாதவ் வந்து எங்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வஹினி, அந்த நம்பர் அட்டை எனக்கும் ஒரு செட் எழுதிக் குடுங்க. மராத்தி நம்பர்ல."

நித்யாதான் எழுதிக் கொடுத்தாள்.

6

அந்த ஐப்பசியில் வானவடிக்கு ஒரு தபால் பொட்டலம் வந்தது. பொட்டலம் அனுப்பித்தான் எனக்குப் பழக்கம்; ஊரிலிருந்து வந்தது அதுதான் முதல். மேலே பெறுநர் பெயர் என்னுடையதாகவோ ரகுவுடையதாகவோ இல்லை. ‘செல்வி நித்யா’ என்று தமிழில் எழுதி, தபால்காரருக்காகக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான் செல்வம்.

உள்ளே எட்டு சி.டி.க்கள். அவன் ஸ்டூடியோ தொடங்கியதிலிருந்து எடுத்த படங்கள்: முதுநகர்க் கல்யாணங்கள், காதுகுத்துகள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள். பழைய நெகட்டிவ்களையும் ஆள் வைத்து ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தான். கூடவே ஒரு பக்கக் கடிதம், அவளுக்கு.

நித்யா அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நான் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. ரகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். எழுத்துக் கூட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.

"அம்மா," என்று உள்ளே வந்தாள். "மாமா இதையெல்லாம் ‘பத்திரமா’ வெச்சுக்கச் சொல்லியிருக்கார். பத்திரம்னா காகத்பத்ரம்தானே? டாக்குமென்ட்?"

"அதுவும்தான். சேதமில்லாம, ஜாக்கிரதையாங்கறதும் அதே வார்த்தைதான்."

"ரெண்டுக்கும் ஒரே வேர்டா?"

"ஆமாம்."

‘பத்திரம்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எட்டு சி.டி.க்களையும் தன் கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டு, திறக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள். திரையில் யாருடைய கல்யாணமோ ஓடியது. "இது யாரும்மா? இந்தத் தாத்தா யாரு? இந்தத் தெரு எங்க இருக்கு?" என்று கேட்டபடி இருந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"இரு, மாமாட்டயே கேட்கறேன்," என்று அவளாகவே தொலைபேசியை எடுத்து, எண்களை அழுத்தினாள்.